போலி சிடியும் என் கட்டைவிரலும்

சாஃப்ட்வேர் விற்கிறவனுக்கு உள்ள பெரிய கஷ்டம், சரக்கைத் தட்டிக் காட்ட முடியாது. பானை விற்கிறவன் சுண்டிக் காட்டலாம். தோல் விற்கிறவன் மூக்கருகே நீட்டி, முகர்ந்து பார் என்று சொல்லலாம். நான் ஒரு சிடியை மேஜையில் வைத்து விலை சொன்னால், வந்தவன் முதலில் சிடியைப் பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான், அப்புறம் வாசலைப் பார்ப்பான்.

ஆன்லைனில் வாங்கியோ விற்றோ வயிறெரிந்தவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் எரிச்சல் பெரியதா, என் எரிச்சல் பெரியதா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

தாராவியில் நைண்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் என் கடை. எம்பிராய்டரி மெஷின்களுக்கான டிசைன் சாஃப்ட்வேர் விற்கிற ஏஜென்சி. கம்ப்யூட்டரில் ஒரு மயில் படத்தைக் கொடுத்தால் அதை ஊசிக் குத்துகளாக மாற்றி மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கும். கூடவே பென்டிரைவ் மாதிரி ஒரு பூட்டு வரும். டாங்கிள் என்போம். அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நூல்கண்டு மூட்டை சுமந்து, பழைய மெஷின் புரோக்கராக அலைந்து, ஏமாந்து, ஏமாற்றினவன் சட்டையைப் பிடித்து, இந்த ஏஜென்சிக்கு வந்து சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த வித்தை ரெண்டே ரெண்டு. ஒன்று பேரம் பேசுவது. இன்னொன்று குரலை உயர்த்துவது.

மேலே ஏறுகிற பேரம்

ஏலத் தளம் என்று ஒன்று இருக்கிறது, சரக்கைப் படம் எடுத்துப் போட்டால் ஊரெல்லாம் இருந்து விலை ஏற்றிக் கேட்பார்கள் என்று சொன்னது மல்லிகா. பாண்டுப்பிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து என் கடையில் வேலை பார்ப்பவள். கஸ்டமர் பட்டறைக்குப் போய் சாஃப்ட்வேரைப் போட்டு, ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவது அவள் பொறுப்பு. ஆயுசு முழுக்கக் கீழே இறங்குகிற பேரத்தையே பார்த்தவன் நான். பேரம் மேலே ஏறும் என்று ஒருத்தி சொன்னால் விடுவேனா?

உடனே பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன், அவள் ஃபோனில் படம் எடுத்தாள். பெட்டி மேலே எங்கள் ஸ்டிக்கர். 'சர்வீஸுக்கு' என்று போட்டு கடை விலாசம், ஃபோன் நம்பர். எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தது. கூடவே என் கட்டைவிரலும். எப்போதோ ஒரு மெஷின் இறக்கும்போது நசுங்கி, நகம் கறுத்துப்போன விரல். மறுபடி எடுக்கலாமா என்றாள். எவன் விரலைப் பார்க்கப் போகிறான், போடு என்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணாச்சி, பெட்டியைவிட உங்க விரல்தான் பெரிசாத் தெரியுது. ஏலத்துல எதைக் கேப்பாங்கன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

கழுத்தில்லாத மயில்

அடுத்த சந்தில் பட்டறை வைத்திருக்கும் இசக்கிமுத்து என்னிடம் ஒரு சாஃப்ட்வேர் காப்பிக்கு வாரக்கணக்கில் பேரம் பேசினான். நானும் விடவில்லை, அவனும் விடவில்லை. திடீரென்று ஆளைக் காணோம். சரி, வேறு செலவு வந்திருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் ரவிக்கைத் துணிகளைக் கொத்தாகக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினான். ஒவ்வொன்றிலும் ஒரு மயில். தோகை இருக்கிறது, கால் இருக்கிறது, வயிறு இருக்கிறது. கழுத்தும் தலையும் இல்லை. மாட்டுங்காவில் ஒரு கல்யாண ஆர்டராம்.

சிடியை வாங்கிப் பார்த்தேன். நான் விற்கிற சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயர், ஆனால் கலர் பிரிண்டரில் அடித்த அட்டை. டாங்கிள் கிடையாது. மல்லிகா போட்டுப் பார்த்துச் சொன்னாள்: இது கம்பெனி இலவசமாகக் கொடுக்கிற ட்ரையல் காப்பி, எவனோ பூட்டை உடைத்து வைத்திருக்கிறான், குறிப்பிட்ட அளவு குத்துக்கு மேலே டிசைனைச் சேமிக்காது, அதனால்தான் கழுத்துக்கு வரும்போது மெஷின் கையை விரித்துவிட்டது. எங்கே வாங்கினாய் என்று கேட்டால், ஏலத் தளத்தில், நான் சொன்ன விலையில் கால்வாசிக்கு என்கிறான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் என் டீயைக் குடித்துவிட்டு, எவனிடமோ திருட்டு சரக்கு வாங்கி, ரிப்பேருக்கு மட்டும் என்னிடம் வருகிறாயா என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவன் அசையவில்லை. ஃபோனை எடுத்து, அந்த ஏலத்துப் படத்தில் பெட்டிமேல் இருந்த நம்பரைக் காட்டினான். என் நம்பர். பிறகு துணியை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"திட்டுததெல்லாம் திட்டி முடிங்க அண்ணாச்சி. பொறவு அந்தக் கழுத்தை மட்டும் போட்டுக் குடுத்திருங்க."

ஃபோன் யார் காசு

விஷயம் இதுதான். 'ஒரிஜினல் ராஜா' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருத்தன், நான் போட்ட படத்தை அப்படியே எடுத்துத் தன் சரக்குக்குப் போட்டுவிட்டான். என் பெட்டி, என் ஸ்டிக்கர், என் நம்பர், என் கறுத்த நகம். காசு அவனுக்கு, சர்வீஸ் எனக்கு.

ஃபோன் வர ஆரம்பித்தது. ஒருத்தருக்கு யானைக்குத் தும்பிக்கை இல்லை. ஒருத்தருக்கு 'சுப விவாஹ்' என்பதில் சுபம் மட்டும் விழுகிறது, விவாஹம் விழவில்லை. எடுத்தவுடனே எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பேன். ஏலத் தளம் என்று சொன்னால் போதும், எனக்குத் தெரிந்த இந்தி, மராட்டி, திருநெல்வேலித் தமிழ் எல்லாம் ஒரே மூச்சில் வரும். உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கிற ஒரு சேட். பின்பாக்கெட்டில் ரோஜாப்பூ போட்டால் காம்பும் இலையும் வருகிறது, பூ வரவில்லை என்றார். பூவோடு வேண்டுமானால் அசலை வாங்க வேண்டியதுதானே, அசலுக்குக் காசு இல்லாதவனுக்கு ரோஜா எதற்கு, காம்பே போதும் என்று நான் ஆரம்பித்து மூச்சு வாங்குகிற இடத்தில் அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"பாய்சாப், இந்த ஃபோன் என் காசு. கத்தணும்னா வெச்சிட்டு நீங்க போடுங்க, நான் எடுக்கிறேன்."

நல்ல பேர்

ஏலத் தளத்தின் புகார் நம்பருக்கு ஃபோன் போட்டேன். பாட்டு போட்டார்கள். பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். அந்தப் படம் என்னுடையது, அந்த விரல் என்னுடையது, வேண்டுமானால் விரலையே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். அவள் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறோம் என்றாள்.

மறுநாள் விசாரித்துவிட்டார்கள். ஒரே படம் இரண்டு பேர் பக்கத்தில் இருந்ததாம், ஒன்றை எடுத்துவிட்டார்களாம். எடுத்தது என்னுடையதை. மறுபடி ஃபோன் போட்டேன். அதே பெண்ணா வேறு பெண்ணா தெரியாது, குரல் ஒரே மாதிரி. எதை வைத்து அவன் யோக்கியன், நான் திருடன் என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மல்லிகா அந்த நேரம் கடைக் கதவைச் சாத்திவிட்டாள். அந்தப் பெண் கொஞ்சமும் பதறாமல் பதில் சொன்னாள்:

"சார், வாங்கினவங்க எல்லாரும் அவருக்கு நல்லா பேசுறார்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு வந்திருக்கிற ஒரே கமெண்ட், கடைக்காரர் கத்துகிறார்."

மாட்டுங்காவிலிருந்து ஒரு விருந்தாளி

இதெல்லாம் கம்பெனி காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒருநாள் வெங்கிட்டராமன் சார் வந்தார். எங்கள் கம்பெனியின் மும்பை ஆபீசர். பாலக்காட்டுக் குடும்பம், ரெண்டு தலைமுறையாக மாட்டுங்கா வாசம், செம்பூரில் ஆபீஸ். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. கடையில் மீன் குழம்பு டப்பா திறந்திருந்தால்கூட முகம் சுளிக்காமல் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்கிற மனுஷர். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கலர் பிரிண்ட் எடுத்தார். ராஜாவின் பக்கம்.

கம்பெனியில் நினைப்பது இது: ஏஜென்ட் ஒருத்தனே பின்வாசல் வழியாகப் போலி விற்கிறான். படம் அவன் கடையில் எடுத்தது, நம்பர் அவன் நம்பர். ஏஜென்சியைப் புதுப்பிக்கிற நேரம் மாசக் கடைசியில். அதற்குள் இது வேறு ஆள் என்று தெரியாவிட்டால் ஏஜென்சி வேறு ஒருத்தருக்குப் போகும். அவர் இதையெல்லாம் வருத்தத்தோடுதான் சொன்னார். ஏஜென்சி போனால் என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு மேஜையும் ஒரு காத்தாடியும். மல்லிகா சம்பளம் அதோடு சரி. நூல்கண்டு மூட்டையை மறுபடி தூக்க முதுகும் இடம் கொடுக்காது. நான் கையை ஆட்டி ஆட்டி, சத்தியமாக நான் இல்லை என்று பேசிக்கொண்டே போனேன். அவர் பிரிண்டையும் என் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கிசுகிசுப்பது போலக் கேட்டார்:

"கோவிச்சுக்கப்படாது, செல்லத்துரை. படத்துல இருக்கிற இந்தக் கட்டைவிரல் யாரோடதுன்னு மட்டும் சொல்லிடுங்கோ."

விடாக்கண்டன் ஒருவன்

கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றும் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ராஜாவின் ஒரு சிடியை நானே ஏலத்தில் எடுத்தால், அனுப்புகிறவன் யாரென்று தெரிந்துவிடும் அல்லவா? மல்லிகா பெயரில் புதிதாக ஒரு கணக்கு திறந்து, சாயங்காலம் முடிகிற ஏலத்தில் விலை கேட்டேன். உடனே எவனோ ஒருத்தன் எனக்கு மேலே கேட்டான். நான் அவனுக்கு மேலே. அவன் எனக்கு மேலே. கொஞ்ச நேரத்தில் ராஜா மறந்துபோனான், சிடி மறந்துபோனது. இந்தப் பயல் எவன், என்னைவிட ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க இவனுக்கு என்ன தைரியம், அது மட்டும்தான் மண்டையில். மல்லிகா மவுஸைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.

ஜெயித்தேன். அசல் விலையைத் தாண்டி. அந்தக் காசுக்கு என் கடையிலேயே அசலை வாங்கியிருந்தால் எனக்குக் கமிஷனாவது வந்திருக்கும். மறுநாள் காலையில் வெங்கிட்டராமன் சார் ஃபோன். குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் சூடு. சாட்சிக்காக ஒரு சிடி எடுக்கலாம் என்று ஆபீசிலிருந்து அவரும் ஏலத்தில் உட்கார்ந்தாராம்.

"எடுக்க முடியலை, செல்லத்துரை. எவனோ ஒரு மடையன் ஒரிஜினல் விலைக்கு மேலே குடுத்து அந்தப் போலியைத் தூக்கிண்டு போயிட்டான்."

அனுப்புநரும் நாமே

அந்த மடையனின் பார்சல் சீக்கிரமே வந்தது. அனுப்பியவன் விலாசம் இருக்கும், நேரே போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் வாங்கினேன். அனுப்புநர் என்று மேலே ஒட்டியிருந்த விலாசம் என் கடை விலாசம். படத்தில் ஸ்டிக்கர் இருந்ததல்லவா, அதைப் பார்த்து மொத்தமாக அச்சடித்து, யாருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஒவ்வொரு பார்சலிலும் ஒட்டுகிறான். ஆக, நாடு பூராவும் போன ஒவ்வொரு போலியும் என் கடையிலிருந்து போனதாக இருக்கிறது. சாட்சி தேடப் போய் எனக்கு எதிராகவே ஒரு சாட்சியைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். வாசலில் கையெழுத்துக்காக நின்ற கூரியர்காரர் பார்சலையும் கடை போர்டையும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மல்லிகா திரும்பி வந்து சொன்னாள்:

"அண்ணாச்சி, இந்த மேஜையிலேருந்து அந்த மேஜைக்குக் குடுக்க எதுக்கு கூரியர்னு அவர் கேக்குறார்."

எழுந்து போகிற மரியாதை

ராஜாவே ஃபோன் செய்தான், மல்லிகா நம்பருக்கு. இத்தனை விலை கொடுத்து எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லணுமாம், நாங்கள் தளத்தில் ரெண்டு வரி நல்லதாக எழுதணுமாம். தேன் மாதிரிப் பேச்சு, தமிழும் இந்தியும் கலந்து. நான் வாங்கிப் பேசினேன். உல்லாஸ்நகரில் பார்ட்டிகள் இருக்கிறார்கள், மொத்தமாக ஐம்பது காப்பி வேண்டும், ஆனால் நேரில் உட்கார்ந்துதான் பேசுவேன் என்றேன். மொத்த பார்ட்டி என்றதும் விழுந்துவிட்டான். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு உடுப்பி ஹோட்டல், மத்தியானம்.

வெங்கிட்டராமன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மடையன் யார் என்பது உள்பட. என்ன விலை கொடுத்தேன் என்று மறுபடி ஒருதரம் கேட்டுக்கொண்டார். பிறகு தானும் வருவதாகச் சொன்னார், என் பார்ட்னராக. திட்டம் சுலபம். அவன் சொன்ன விலைக்குச் சரி என்று சொல்ல வேண்டும். சரக்கைக் காட்டு என்று கேட்க வேண்டும். அவன் லேப்டாப்பில் தன் கணக்கைத் திறக்கிறதை ஆபீசர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பேரம் மட்டும் பேசக்கூடாது என்று ஹோட்டல் வாசல்வரை எனக்குப் பாடம் நடந்தது. தலையாட்டினேன்.

ராஜா நாற்பது வயசுக்காரன், இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. விலை சொன்னான். என் வாய் என்னைக் கேட்காமல் அதில் கால்வாசி சொன்னது. அவன் இறங்கினான். நான் இன்னும் இறங்கினேன். வெங்கிட்டராமன் சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்ததை, பக்கத்து மேஜைக்காரன் கால் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். அவன் கடைசி விலை என்றான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. கடைசி விலை என்று அவன் சொன்னால் நாம் எழுந்துவிட வேண்டும். வாசல் தாண்டுவதற்குள் அவன் கூப்பிட வேண்டும். எழுந்தேன். கல்லாவரை போனேன், கூப்பிடவில்லை. சோம்புத் தட்டில் கைவைத்து நேரம் கடத்தினேன், கூப்பிடவில்லை. ரோட்டுக்கே வந்துவிட்டேன். எங்கே போகணும் என்று ஆட்டோக்காரர் கேட்டபோதுதான், நான் எதற்கு உள்ளே போனேன் என்பது ஞாபகம் வந்தது.

திரும்பிப் போக முடியாது. எழுந்து போனவன் தானாகத் திரும்பி வந்தால் அவனுக்கு ஏதோ உள்வேலை இருக்கிறது என்று அர்த்தம்; ராஜாவுக்கும் அது தெரியும். எதிரே பழவண்டி பக்கத்தில் நின்றேன். என் ஏஜென்சியை நானே எழுந்து வந்து தொலைத்துவிட்டேன், மல்லிகாவிடம் என்னவென்று சொல்வது என்ற நினைப்பில், வாங்கின வாழைப்பழத்தை உரிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து வெங்கிட்டராமன் சார் வந்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க எழுந்து போனதுதான் நல்லதாப் போச்சு. அதுக்கப்புறந்தான் அவன் மனசு விட்டுப் பேசினான்."

ராஜா சொன்னது

நடந்ததை டாக்ஸியில் சொன்னார். நான் போனதும் இவர், என் பார்ட்னர் பேசினதுக்கு மன்னிக்கணும், நீங்கள் கேட்ட விலையே தருகிறோம் என்று சொல்லி முன்பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். தாராவியிலும் உல்லாஸ்நகரிலும் வியாபாரம் பார்த்த ராஜா, சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிற ஒரு பிறவியை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறான். நெகிழ்ந்துபோய் அவருக்கு ஒரு மசால் தோசை சொல்லியிருக்கிறான். லேப்டாப்பைத் திறந்து, கணக்கு, சரக்கு, பூட்டை உடைக்கிற விதம், எல்லாம் காட்டியிருக்கிறான். அந்தக் கோபக்காரப் பார்ட்னரை விட்டுவிட்டு என்னோடு சேருங்கள் என்று கூப்பிட்டும் இருக்கிறான். இவர் தன் ஃபோனில் அவனையும் திரையையும் படமாகவே பிடித்துக்கொண்டார். பார்ட்டிகளுக்குக் காட்டணும் என்றாராம், அவன் சட்டைக் காலரை வேறு சரிசெய்துகொண்டு போஸ் கொடுத்திருக்கிறான்.

மாசக் கடைசிக்கு முன்னாலேயே ராஜாவின் பக்கம் தளத்திலிருந்து போய்விட்டது. மீதியைக் கம்பெனி வக்கீல் பார்த்துக்கொண்டார். என் ஏஜென்சி புதுப்பிக்கப்பட்டது, இனிமேல் கடை ஃபோனை மல்லிகா மட்டும்தான் எடுக்கணும் என்ற ஒரு நிபந்தனையோடு. அது எதற்கு என்று உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். டாக்ஸி சயான் சிக்னலில் நின்றபோது நான் கேட்டேன்: எத்தனையோ ஏஜென்ட்டுகள் படம் போட்டிருக்கிறார்கள், இந்தப் பாவி ஏன் என் படத்தையே எடுத்தானாம்? வெங்கிட்டராமன் சார் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். அதை அவரும் கேட்டாராம். ராஜா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னார்:

"முன்னே நாலைஞ்சு கடைப் படத்தை இதே மாதிரி நம்பரோட எடுத்துப் போட்டுப் பாத்தேன் சார், எல்லாம் நல்லவங்க, கேட்டு விசாரிச்சு கஸ்டமரை எங்கிட்டயே திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த ஆளு எடுத்ததும் திட்டுவான். இவன்கிட்ட ஒரு தடவை திட்டு வாங்கினவன் அப்புறம் ரிட்டர்னே கேக்குறதில்லை."

ஆக, என் தொழிலைக் கெடுத்த திருடனுக்கு, சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லாமல் இத்தனை நாள் வாசலில் நின்று காவல் காத்தவன் நான்தான்.